அழகான ஒரு சொத்தைப் பல்

நான்காம் வருடம் தொடங்கியதிலிருந்து அவள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்த்தாள். கடையில் பால் வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண் ஒரு தடவை சிரிக்க மாட்டாளா என்று காத்து நிற்பாள். லிஃப்டில் யாராவது கொட்டாவி விட்டால் கழுத்து தன்னால் எட்டிப் பார்க்கும். பூங்காவில் ஒரு தாத்தா பாட்டுப் பாடிக்கொண்டு போனபோது, அவர் மேல்ஸ்தாயிக்குப் போகும்வரை பின்னாலேயே நடந்து, கடைசியில் அது பல்செட் என்று தெரிந்து மனமுடைந்து திரும்பியிருக்கிறாள்.

பல் மருத்துவம் படிக்கக் கடல் தாண்டி வந்தவள். சொந்த வீட்டில் அவள் 'பாப்பா'. இங்கே, சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வாடகை வீட்டில், முதல் வருடமே 'டாக்டரம்மா' ஆகிவிட்டாள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. கணக்குத் தணிக்கை படிக்க வந்தவள். வயதில் கொஞ்சம் மூத்தவள், அதிகாரத்தில் ரொம்ப மூத்தவள். அரிசி, எரிவாயு, குளியலறையில் யார் முதலில் என்பது வரை அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

வீட்டில் படுக்காமல், ஆனால் மூன்று வேளையும் அங்கேயே இருக்கிற மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. பக்கத்து வீட்டில் இரண்டு பையன்களோடு தங்கி, பாலம் கட்டுகிற படிப்பு படிக்கிறவன். வாசலில் வந்து நின்றால் கதவு சாத்திய மாதிரி இருக்கும்; அப்படி ஓர் உடம்பு. காலையும் மாலையும் ஜிம்மே கதி என்று கிடப்பவன். அவனுக்குப் பயில்வான் என்று பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் வீட்டுச் சமையலை அவனாலேயே சாப்பிட முடியாததால் அக்காவிடம் சரணடைந்திருந்தான். அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றுவதும் பாத்திரம் கழுவுவதும் அவன் பொறுப்பு. சாப்பிடுவதும் அவன் பொறுப்பு என்று அக்கா சொல்வாள்.

டாக்டரம்மாவின் கல்லூரியில் ஒரு வழக்கம். இறுதித் தேர்வில் பல் அடைத்துக் காட்ட வேண்டும். அதற்கான ஆளை மாணவர்தான் பிடித்து வர வேண்டும். வாய் முழுக்கச் சொத்தையாக இருக்கிறவர் உதவாது. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சொத்தை இருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் அது தெரிய வேண்டும். ஆனால் உள்ளே நரம்பு வரை போயிருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினாலும், அந்த ஆள் சொன்ன தேதியில் வந்து, காலை முழுக்க வாயைத் திறந்தபடி படுத்திருக்கச் சம்மதிக்க வேண்டும்.

"மாப்பிள்ளை பாக்குறது இதைவிடச் சுலபம்டி," என்றாள் அக்கா. "அவன் வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

ஊரிலிருந்து அம்மா தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவுக்குத் தையல் கடை. ஒரு கண் மகள்மேலும் ஒரு கண் ஊசிமேலும் வைத்துத்தான் பேசுவாள்.

"ஒருத்தரும் கிடைக்கலையா பாப்பா?"

"எல்லாரும் நல்லா பல் தேய்க்கிறாங்கம்மா. ஒழுங்கா டாக்டர்கிட்டயும் போறாங்க."

"அந்த ஊர்ல எல்லாருக்கும் பல்லு நல்லா இருக்குன்னா, நீ எதுக்கு அங்க போய்ப் படிக்கிற? இங்க நம்ம தெருவுலயே வருஷம் பூரா பரீட்சை எழுதலாமே!"

டாக்டரம்மா அம்மாவின் பல்லையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

கடைசியில் ஆள் கிடைத்தது பேருந்தில். கல்லூரிக்குப் போகிற பேருந்தின் ஓட்டுநர், சிக்னலில் வண்டி நின்றபோது ஆனந்தமாகக் கொட்டாவி விட்டார். கண்ணாடியில் அது தெரிந்தது. கீழ்வரிசை, வலது பக்கம், கடைவாய்ப் பல்லில் ஒரு சாம்பல் நிழல். டாக்டரம்மா தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டாள். கடைசி நிறுத்தம் வரை போய், எல்லோரும் இறங்கியபின் ஓட்டுநர் முன்னால் போய் நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை வாயைத் திறந்து காட்ட முடியுமா?"

அந்த நாட்டு மொழியில் இதை மரியாதையாகச் சொல்ல எந்த வாத்தியாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. ஓட்டுநர் முதலில் கதவைத் திறந்துவிட்டு, இறங்கிப் போகும்படி கை காட்டினார். அவள் கல்லூரி அடையாள அட்டையை நீட்டி, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அவள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டாள்.

படம் எடுத்துப் பார்த்தால் அப்படியே பாடப்புத்தகத்திலிருந்து கழற்றி வைத்த மாதிரி ஒரு சொத்தை. அளவான ஆழம், அளவான அகலம். டாக்டரம்மா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அந்தப் பல்லைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாள். மிட்டாய் சாப்பிடாதீர்கள், அந்தப் பக்கம் கொட்டை கடிக்காதீர்கள், வேறு டாக்டர் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள் என்று பேருந்தில் ஏறும்போதெல்லாம் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். பயணிகள் அவளை ஓட்டுநரின் மகள் என்றே நினைத்திருப்பார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை ஓட்டுநர் போன் செய்தார்.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா! அடுத்த மாசம்தான்னு சொன்னாங்க, அவளுக்கு அவசரம், இன்னிக்கே வந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம் சார்!" என்று டாக்டரம்மா கத்தினாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அப்புறம்தான் புரிந்தது.

"அப்ப நாளைக்கு..."

"நாளைக்கு எப்படிம்மா வருவேன்? ஆஸ்பத்திரியிலயே இருக்கணும். தப்பா எடுத்துக்காத."

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையிடம் யார் கோபப்பட முடியும்? போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடப் படிப்பவர்களுக்குப் போன் போட்டு, மிச்சம் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அவரவர் பிடித்த ஒற்றை ஆளை அவரவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

அக்கா சோறு போட்டாள். "சாப்பிட்டுட்டு அழு," என்றாள். "வெறும் வயித்துல அழுதா தலைவலி வரும்."

எதிரே பயில்வான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டாக்டரம்மா பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அவனையே பார்த்தாள். அவன் இடது பக்கமாக மட்டும் மென்றுகொண்டிருந்தான். குழம்பை ஊதி ஊதி ஆற வைத்துத்தான் சாப்பிட்டான். தண்ணீரைக்கூடத் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகக் குடித்தான்.

"பயில்வான், வாயைத் திற."

அவன் வாயை இறுக்க மூடினான். மூடிய வாயோடு தலையை ஆட்டினான்.

"அட, அதுதானா!" என்று அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் கிராம்பு டப்பா ஏன் காலியாகிட்டே இருக்குன்னு பாத்தேன். திருட்டுப் பயலே, பல்லுக்கா வச்சுக்கிட்டிருந்த?"

"லேசாத்தான் வலிக்குதுக்கா. தானாப் போயிடும்."

"எத்தனை நாளா போய்க்கிட்டிருக்கு?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனான். டாக்டரம்மா டார்ச் லைட்டோடு பின்னாலேயே போனாள். பாத்திரம் தேய்க்கிற கையோடு அவன் சமையலறை மூலைக்குப் பின்வாங்கினான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன மூலையில் ஒடுங்கியதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இங்க பாரு, ரத்தம் வேணும்னா ரெண்டு பாட்டில் எடுத்துக்க. கிட்னி கேளு, யோசிச்சுச் சொல்றேன். வாய் மட்டும் வேணாம். சின்ன வயசுல ஸ்கூலுக்கு வந்த பல் டாக்டர் விரலைக் கடிச்சிருக்கேன். அவர் கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது."

"நான் கத்த மாட்டேன்."

"நான் கத்துவேனே!"

டாக்டரம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவன் இன்னும் தடுமாறினான். அந்த நேரத்தில்தான் அக்கா வாசற்படியில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்து, சட்டத்தைப் படித்தாள்.

"தம்பி, நாளைக்குக் காலையில நீ இவகூடப் போற. இல்லைன்னா மத்தியானத்துலேர்ந்து உங்க வீட்டுப் பையன் சமைக்கிறதைச் சாப்பிடுற. எது வேணும்?"

பயில்வானின் கையிலிருந்த நுரை ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்தது.

"நீங்க என் கையைப் பிடிச்சுக்கணும்," என்றான் கடைசியில்.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, இருக்க வேண்டிய இடத்தில் சொத்தை இருந்தது. டாக்டரம்மாவுக்கு உயிர் வந்தது. அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இருந்தன. சூடு பட்டால் எவ்வளவு நேரம் வலிக்கிறது, தூக்கத்தில் வலித்து எழுந்திருக்கிறாயா, இப்படி. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கேட்கவில்லை. கேட்டு, வேண்டாத பதில் வந்துவிட்டால்?

தேர்வுக்கூடம் நீளமான மண்டபம். வரிசையாக சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு மாணவர். மருந்து வாடையும் புதுக் கையுறை வாடையும் கலந்து வந்தது. கூட வந்தவர்கள் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அக்கா தன் கையைப் பயில்வானின் பிடியிலிருந்து விரல் விரலாகக் கழற்றினாள்.

"ஒண்ணும் ஆகாது. நான் இங்கயேதான் இருக்கேன். கடிச்சிடாத," என்றாள்.

படம் எடுத்து, நாற்காலியில் படுக்க வைத்து, கழுத்தில் காகிதத் துண்டைக் கட்டியாயிற்று. "வலிச்சா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்," என்றாள் டாக்டரம்மா. அவள் இன்னும் முகமூடியே போடவில்லை, அவன் கையைத் தூக்கிவிட்டான். தூக்கிய கையில் நாற்காலியின் கைப்பிடி இருந்தது. பிடித்த பிடியில் கழன்று வந்திருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் குழந்தையை ஏந்துவதுபோல் மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய மாணவர் ஊசியை ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திரையில் படம் வந்ததும் அது நின்றது.

வெளியே சின்னதாகத் தெரிந்த சொத்தை உள்ளே குடை விரித்த மாதிரி பரவியிருந்தது. அதன் நுனி நரம்பு இருக்கும் அறையின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டுவிட்டதா, ஒரு நூல் இடைவெளி இருக்கிறதா என்று சத்தியம் செய்ய முடியாத இடம். நேற்று கேட்காத கேள்வியை இப்போது கேட்டாள்.

"சூடா குடிச்சா வலி எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அது வந்தா லேசுல போகாது. ஒரு மணி நேரம் சுவத்துல தலையை முட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. "ஏன், கெட்ட செய்தியா?"

அடுத்த நாற்காலிப் பக்கம் நின்ற நெட்டையான வகுப்புத் தோழன் எட்டித் திரையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எல்லைக்கோட்டுல இருக்கு. அடியில மருந்து வச்சு அடைச்சிடு. இன்னிக்கு மார்க் வந்துடும். வலிச்சா அடுத்த வாரம் பிரிச்சு நரம்பு வைத்தியம் பண்ணிக்கலாம். உன் ஃப்ரெண்டுதானே?"

தவறான யோசனை என்றும் சொல்ல முடியாது. அப்படி அடைத்துப் பிழைத்த பற்களும் உண்டு. டாக்டரம்மா பயில்வானைப் பார்த்தாள். முடி வெட்ட உட்கார வைத்த குழந்தை மாதிரி, துண்டுக்கு மேலே முகம் மட்டும் தெரியக் கிடந்தான். அடைத்து அனுப்பினால் இன்று மாலைக்குள் வலி அவனைச் சுருட்டிப் போட்டுவிடும். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் வாயைத் திறக்க மாட்டான். உன் ஃப்ரெண்டுதானே என்று நெட்டையன் கேட்டது அவளுக்குள் வேறு மாதிரி போய் விழுந்தது.

கையைத் தூக்கித் தேர்வு நடத்தும் பேராசிரியரைக் கூப்பிட்டாள். குள்ளமான அம்மாள், கண்ணாடி எப்போதும் நெற்றிக்கு மேல்தான் இருக்கும்.

"மேடம், இந்தப் பல்லை அடைக்க முடியாது. நரம்பு கெட்டிருக்குன்னு நினைக்கிறேன்."

கண்ணாடி கீழே இறங்கியது. படத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மடியில் இருந்த கைப்பிடியையும் பார்த்தார்.

"வேற ஆள் இருக்காங்களா?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கு இன்னிக்குப் பரீட்சை இல்லை. ரெண்டு மாசம் கழிச்சுத்தான். தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, இவருக்கு இப்ப என்ன பண்ணணும்?"

டாக்டரம்மா சொன்னாள். பல்லைத் திறக்க வேண்டும், கெட்டுப்போன நரம்பை எடுக்க வேண்டும், சுத்தம் செய்து மருந்து வைத்துத் தற்காலிகமாக மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார், அதற்கும் சொன்னாள். "மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க இருக்கிற சார் பக்கத்துல நின்னு பாப்பார், நீங்களே பண்ணுங்க," என்றார் அந்த அம்மாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "அடுத்த தடவை படத்தை முன்னாடியே எடுங்க."

மேல் மாடியில் மார்க் போட யாரும் இல்லை. சன்னல் ஓரமாக ஒரு நாற்காலி. கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்றார். பயில்வானின் நெஞ்சு ஏறி இறங்குவது காகிதத் துண்டுக்கு மேலேயே தெரிந்தது. டாக்டரம்மா வழக்கமாக நோயாளிகளிடம் சொல்கிற வாக்கியங்களை ஆரம்பித்தாள். நான்கு வருடமாக அந்த நாட்டு மொழியில் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். அவன் காதில் அவை ஏறவே இல்லை. அவள் நிறுத்தினாள். தமிழில் இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதே இல்லை. முதலில் வார்த்தை கிடைக்கவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

"இப்ப எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும். அவ்வளவுதான். அப்புறம் உதடு தடிச்ச மாதிரி இருக்கும், தடிச்சிருக்காது. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கமே மரத்துப் போயிடும். கால் மரத்துப் போகும்ல, அதே மாதிரி. சத்தம் கொஞ்சம் கிர்ருனு கேக்கும். சத்தம்தான், வலி இல்லை."

பேசப் பேச அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தடித்த புத்தகங்களில் படித்ததெல்லாம் இப்போதுதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே வேலை செய்தாள்.

வேலை பாதிக்கு மேல் முடிந்து, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயிலிருந்து எடுத்தபோது பயில்வான் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"எப்ப ஊசி போடுவ? சீக்கிரம் போட்டுத் தொலை, பயமா இருக்கு."

"போட்டு ரொம்ப நேரமாச்சு. நரம்பையே எடுத்தாச்சு."

அவன் இரண்டாவது கண்ணையும் திறந்தான். நாக்கால் பல்லைத் தேடினான், கிடைக்கவில்லை. அந்தப் பெரிய முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பாதி உதடு மரத்திருந்ததால் பாதிச் சிரிப்பு. தூங்கி வழிந்துகொண்டிருந்த ஆசிரியருக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே வந்து, அக்காவைப் பார்த்தபிறகுதான் டாக்டரம்மாவுக்கு அழுகை வந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று அழவில்லை. இனி மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டுமே என்று அழுதாள். அக்கா அவளைக் கல்லூரி வாசலில் இருந்த கடையில் உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

"ஃபெயிலா? என்னாலயா?" என்று பயில்வான் கேட்டான். மரத்த வாயால் அது 'ஹெயிலா, எங்ங்ஙாலயா' என்று வந்தது. அழுதுகொண்டிருந்தவள் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவன் என்ன பேசினாலும் மறுபடி சிரித்தாள். கடைக்காரர் மூன்று பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று முதல் பயில்வான் ஆளே மாறிவிட்டான். வலி தெரியாமல் நரம்பையே எடுத்தாள் என்று ஜிம்மில் போய்ப் பேசியிருக்கிறான். அவனே பல் டாக்டரிடம் போய் வந்தான் என்றால் நமக்கென்ன என்று மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. மறுவாரம் ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. அக்கா கதவைத் திறந்தால், பயில்வானைப் போலவே கதவடைத்த மாதிரி ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். படிக்கட்டு நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியிருந்தார்கள்.

"டாக்டரம்மா, டார்ச் எடுத்துட்டு வா," என்றான் பயில்வான், கல்யாண வீட்டில் வரவேற்கிறவன் மாதிரி நின்றுகொண்டு.

சமையலறையில் ஸ்டூலைப் போட்டு ஒவ்வொருவரையும் வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒருவருக்கு ஈறு வீக்கம், ஒருவருக்கு ஞானப்பல் முளைக்கிறது, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, சும்மா பயம். அவரவரைக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்றவர் நீச்சல் பயிற்சியாளர். வாயைத் திறந்தார். டாக்டரம்மா டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இந்தத் தடவை எல்லாக் கேள்விகளையும் கேட்டாள். மறுநாள் காலையிலேயே படம் எடுத்தாள். நரம்புக்கும் சொத்தைக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது.

மறுதேர்வன்று நீச்சல்காரர் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நெற்றிக் கண்ணாடி அம்மாள் அடைத்த பல்லை நூல் விட்டுப் பார்த்தார், கொக்கியால் தட்டிப் பார்த்தார், கடிக்கச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். முடிவு வந்தபோது அந்த ஒரு பாடத்தில்தான் அவளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

செய்தி தெரிந்த மாலை வீட்டில் மூன்று பேரும் கொண்டாட உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைப்பதற்குள் மணி அடித்தது. பயில்வான் எழுந்து போய்ப் பார்த்தான். பளு தூக்குகிற இரண்டு பேர், கன்னத்தில் கை.

"டாக்டர் இருக்காங்களா?"

அக்கா தட்டை ஓரமாக வைத்தாள். "இருக்காங்க, சாப்பிடுறாங்க. செருப்பை வெளிய விட்டுட்டு அந்தப் பெஞ்சுல வரிசையா உக்காருங்க," என்றாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "நீ மெதுவா சாப்பிடு. அவங்க பல்லு எங்கயும் ஓடிடாது," என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.